நடைவேந்தன் நடை பழகுகிறான்

ஆகஸ்ட் 5, திங்கள்

நடைவேந்தனுக்கு இன்று ஆறு மாதம் பூர்த்தி. துறையில் கேக் வெட்டினார்கள், முட்டை சேர்க்காதது. வெட்டியவர் டாக்டர் சென்னியப்பன். உயிர்மருத்துவப் பொறியியல் துறைத் தலைவர், என் ஆராய்ச்சி வழிகாட்டி. நடைவேந்தனை மாட்டிக்கொண்டு புகைப்படத்துக்காக இரண்டு மணி நேரம் நின்றவள் நான். எனக்கு ஓரத்துத் துண்டு கிடைத்தது. அதில் க்ரீம் இல்லை.

நடைவேந்தன் என்பது ஒரு செயற்கை முட்டி. உள்ளே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். மாட்டியவர் காலை ஊன்றுகிறாரா, எடுக்கிறாரா என்று தானே கண்டுபிடிக்கும். ஊன்றினால் பூட்டிக்கொள்ளும், எடுத்தால் மடங்கும். வாராவாரம் என் நடையைப் படித்து இன்னும் புத்திசாலியாகும். வெளிநாட்டில் இப்படி ஒரு முட்டி வாங்குகிற காசுக்கு இங்கே வீடு கட்டிவிடலாம், நாங்கள் பைக் விலைக்குத் தரப்போகிறோம். இதெல்லாம் சார் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வது. பெயரும் சார் வைத்ததுதான். ‘நடையரசன்’ என்று முதலில் யோசித்தாராம், கம்பீரம் போதவில்லையாம்.

என் இடது கால் பத்தொன்பது வயதில் போனது, முழங்காலுக்கு மேலே. பல்லடம் ரோடு, ஸ்கூட்டி, ஜல்லி லாரி. இதற்குமேல் விவரம் வேண்டுமென்றால் சார் பேசுகிற எந்தக் கூட்டத்துக்காவது போகலாம், கண் கலங்கச் சொல்வார். இப்போது எனக்கு முப்பத்து மூன்று. பிஎச்.டி. ஏழாம் வருடம். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. தானே வடிவமைத்து, தானே மாட்டிக்கொண்டு, தானே அளந்து, தானே பாராட்டு எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை. சார் அதைச் செலவு மிச்சம் என்கிறார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வாராந்திரக் கூட்டம். தீபன் கிராஃப் காட்டினான். நடைவேந்தனுக்கு புரோகிராம் எழுதுபவன் தீபன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முட்டியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, அந்த வாரம் நான் எத்தனை முறை தடுமாறினேன் என்று பார்ப்பான். அதை வைத்து புரோகிராமைத் திருத்தி, வைஃபை வழியாக முட்டிக்கு அனுப்புவான். திரையில் பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வரும். அவன் டீ குடிக்கப் போவான்.

தடுமாற்றக் கோடு பிப்ரவரியிலிருந்து அழகாக இறங்கிக்கொண்டே வருகிறது. சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“பாருங்க, மெஷினு கத்துக்குது! நாம தூங்கறப்பக்கூட அது கத்துக்குது!” பிறகு என்னிடம் திரும்பி, “துளசிமணி, நீங்க எதுவும் பண்ண வேண்டாம். இயல்பா நடங்க, போதும். மத்ததையெல்லாம் அது பாத்துக்கும்” என்றார்.

நான் இயல்பாகத்தான் நடக்கிறேன். குதிகாலைக் கொஞ்சம் ஓங்கி ஊன்றுவேன், அவ்வளவுதான். மெதுவாக ஊன்றினால் அதற்குக் கேட்காது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடைவேந்தன் கல்லூரிச் சொத்து, சாயங்காலமானால் பீரோவுக்குள் போய்விடுவான். வீட்டில் எனக்கு என் பழைய கால்தான். அதற்குப் புத்தி கிடையாது, அதனால் அதோடு வம்பும் கிடையாது.

அம்மா மிக்ஸியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, எதுக்கு இடுப்ப அப்பிடி வெட்டி வெட்டி நடக்கற?”

“இல்லியேம்மா. எப்பவும் போலத்தான் நடக்கறேன்.”

“எப்பவும் நீ நல்லாத்தான நடப்ப. கல்யாண மண்டபத்துல நாலு பேர்த்துக்கு நடுவுல போனா உனக்குக் கால் இல்லைன்னே ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஒரு ஆறு மாசமாத்தான் நொண்டற.”

ஆறு மாதமாக நான் முன்னேறிக்கொண்டிருக்கிறேன். அம்மா கிராஃப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 27

இடுப்பு வலி. தைலம் தடவினேன். மழை வரும்போலிருக்கிறது.

ஆகஸ்ட் 28

மழை வரவில்லை.

செப்டம்பர் 6

கல்லூரி மலருக்குப் புகைப்படம். இரண்டு காலும் உள்ளவர்கள் மாட்டிப் பார்ப்பதற்கென்று எங்களிடம் ஒரு கூடு இருக்கிறது. ஒரு காலை மண்டியிடுவதுபோல் மடித்து அதில் வைத்துக் கட்டிக்கொண்டால், கீழே நடைவேந்தனைப் பொருத்திவிடலாம். சார் கட்டிக்கொண்டார். நடைபழகும் பாதையின் இரண்டு பக்கமும் உள்ள கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசி வரை போனார். உண்மையில் நடந்தவை சாரின் கைகள். படத்தில் கை தெரியாமல் வெட்டிவிடுவார்கள்.

“ரொம்ப ஸ்மூத்தா இருக்குது” என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

செப்டம்பர் 12

இரண்டாவது ஆள் வந்துவிட்டான். நமக்கு நிதி தருகிற அறக்கட்டளை நவம்பரில் விழா வைக்கிறது. நடைவேந்தனை முதற்கட்டமாக நாற்பது பேருக்கு இலவசமாகக் கொடுப்பதாகத் திட்டம். அந்த நாற்பதில் முதல் ஆள் இவன். அப்துல் வாஹித், உக்கடம், இருபத்தாறு வயது. சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது கால் போனது. இப்போது மச்சானின் செல்போன் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து கவர் விற்கிறான். ஜனவரியில் நிக்காஹ்.

“அக்கா, இத மாட்டுனா மாடிப்படி ஏறலாமுங்களா? மூணாவது மாடிக்கெல்லாம் பிரியாணி கொண்டுட்டுப் போகோணும்.”

“ஏறலாம்னு எழுதியிருக்குது.”

“யாருங்க்கா எழுதுனது?”

“நான்தான்.”

“அப்பறமென்னுங்க்கா!” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிவிட்டவன் சிரிக்கிற சிரிப்பு அது.

செப்டம்பர் 14

செயற்கைக் காலோடு முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விழுவதைத்தான். எந்தக் காலாக இருந்தாலும் ஒரு நாள் விழத்தான் போகிறோம், ஒழுங்காக விழலாமே. வாஹித்துக்கு இதை யாருமே சொல்லித் தரவில்லையாம். மெத்தை விரித்துச் சொல்லிக்கொடுத்தேன். சுற்றிக் கிடக்கிறதை ஒதுக்கிவிடு. கண்ணாடியைக் கழற்று. விழும்போது கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். நல்ல கால் பக்கம் சாய்ந்து, தோளைச் சுருட்டிப் பந்துபோல் உருண்டுவிடு.

முதலில் நான் விழுந்து காட்டினேன். அவன் நாலைந்து தடவை கை ஊன்றினான், திட்டினேன். பிறகு பிடித்துக்கொண்டான். சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “நடக்கறதச் சொல்லிக்குடுங்கன்னா விழுகறதச் சொல்லிக் குடுக்கறீங்க!” என்று போனார்.

எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 23

வாஹித்துக்கு நடைவேந்தனை மாட்டினோம். கம்பிகளுக்கு நடுவில் பத்தடிகூட வைத்திருக்க மாட்டான், முட்டி பூட்டாமல் மடங்கியது. மறுபடி மாட்டி நிறுத்தினோம். மறுபடி மடங்கியது. அவன் மெதுவாக, சாதாரணமாக, மனிதன் மாதிரி நடக்கிறான். அதுதான் பிரச்சினை.

சார் அறிக்கையில் ‘பயனரின் ஒத்துழைப்பு போதவில்லை’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

செப்டம்பர் 30

வாஹித்துக்குப் பயிற்சி. குதிகாலை ஓங்கி ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்கு முன்னால் இடுப்பை ஒரு சின்ன வெட்டு வெட்ட வேண்டும். சட்டென்று நிற்கக் கூடாது. திரும்புவதானால் மாட்டிய காலின் எதிர்ப்பக்கம் மட்டும். இவ்வளவுதான். சொல்லிக்கொண்டே வந்தபோது, இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்று ஒரு கணம் தோன்றியது. அனுபவம்தான், வேறென்ன.

“இப்பிடியாங்க்கா மனுசன் நடப்பான்?” என்றான் வாஹித்.

“போகப்போக அது உனக்குப் பழகிக்கும்” என்றேன்.

அக்டோபர் 4

எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தவர் இடுப்பெலும்பைப் பார்த்து, “யாரும்மா உங்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“ஒரு கம்ப்யூட்டருங்க.”

அவர் மருந்துச் சீட்டில் எதையோ எழுதி, “அதைக் கொஞ்சநாள் தள்ளி வைங்க” என்றார்.

வாஹித் முன்னேறுகிறான். அதாவது, என்னைப்போல நொண்டுகிறான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். நுண்ணோக்கிக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, ரிப்பேராகி மூன்று வருடமாகக் கிடக்கும் ட்ரெட்மில்லுக்கு மாலையே போட்டார்கள். நடைவேந்தனுக்கு ராஜ மரியாதை. சார் தன் கையால் சந்தனத்தைக் குழைத்து நெற்றி நிறையப் பூசினார். முட்டிக்கு நெற்றி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொரியும் சுண்டலும் நன்றாக இருந்தன.

அக்டோபர் 14, திங்கள்

நடைவேந்தனின் நெற்றி என்று சார் கருதிய இடத்தில்தான் மெமரி கார்டு செருகும் வாய் இருக்கிறது. சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. கார்டு வெளியே வரவில்லை. தீபன் பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பார்த்தான். வேறு வழியில்லாமல் முட்டியைத் திறந்து, ஒயர் போட்டு நேராகத் தன் கம்ப்யூட்டரில் செருகினான். இந்தப் பக்கம் ஒயர் போட்டே எட்டு மாதம் ஆகியிருக்கும்.

பிறகு அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னாச்சு?”

“அக்கா, உள்ள இருக்கறது பிப்ரவரி வெர்ஷன்.”

“எதுக்கு உள்ள?”

“முட்டிக்கு உள்ளங்க்கா. ரெண்டாவது வாரம் போட்டது. அதுக்கப்பறம் நான் அனுப்புனது ஒண்ணுகூட உள்ள போகல.”

உட்கார்ந்து யோசித்ததில் புரிந்தது. பிப்ரவரியில் ஹாஸ்டல் பையன்கள் துறை வைஃபையில் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று சார் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புதிய பாஸ்வேர்டு கொடுத்தார்கள். முட்டிக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எட்டு மாதமாக தீபன் வாராவாரம் காற்றில் பாடம் அனுப்பிக்கொண்டிருக்கிறான். ‘வெற்றி’ என்றால் அனுப்பியாயிற்று என்று அர்த்தம். போய்ச் சேர்ந்ததா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் கிராஃபில் கோடு ஏன் இறங்கிக்கொண்டே வந்தது? மெஷின் ஒரு எழுத்துகூடக் கற்கவில்லை. எட்டு மாதமாக ஒரு பெண் அதற்கு ஏற்றபடி இடுப்பை வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நன்றாகச் சிரித்தேன். தீபன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அதைக் குடிக்கும்போதுதான் அழுகை வந்தது.

அக்டோபர் 15

சாரிடம் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“நம்ம மூணு பேருக்குங்க சார்.”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. “யோசிச்சுப் பாருங்க. பழைய வெர்ஷனே இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, புது வெர்ஷன் எப்பிடி இருக்கும்!”

இவரிடம் ஏழு வருடம் பயின்றிருக்கிறேன் என்பதை நினைத்தால் இடுப்பு வலி ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 21

புதிய வெர்ஷனைப் போட்டார்கள். என் காலில் பிரமாதமாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? எட்டு மாதமாக நான் வெட்டிய வெட்டையே பார்த்துப் பார்த்துச் செய்தது. இப்போது அதற்கு அந்த வெட்டு இருந்தால்தான் நடை. வெட்டாதவன் நடக்கிறான் என்றே அது ஒப்புக்கொள்வதில்லை.

சாயங்காலம் வாஹித்துக்கு மாட்டினோம். சரிவுப் பலகையில் நாலாவது அடியில் மடங்கியது. கம்பியைத் தாண்டி விழுந்தான். கை ஊன்றவில்லை, தோளைச் சுருட்டி உருண்டான், அந்த மட்டும் தப்பினான். முழங்கை வீங்கிவிட்டது. ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தபோது அவனே பேசினான்.

“மன்னிச்சுக்கோங்க்கா. நான் இன்னும் சரியாக் கத்துக்கல.”

மெஷின் சார்பாக அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

தப்பு உன்மேல் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு எதுவுமாகவும் இல்லை.

அக்டோபர் 31

தீபாவளி. அம்மா செய்த அதிரசம் இந்தத் தடவை கல். நடைவேந்தனுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம் என்றேன், அம்மா சிரிக்கவில்லை.

“ஏங்கண்ணு, அந்தக் கால மாட்டிக்கிட்டா உனக்கு டாக்டர் பட்டம் வருமாக்கு?”

“வரும்மா.”

“கழட்டி வெச்சா?”

பட்டாசுச் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

நவம்பர் 6

விழா நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிட்டது. வாஹித் நடக்கப்போவதில்லை, ‘இன்னும் பயிற்சியில் இருக்கிறார்’. நான் நடப்பேன். நான் அழகாக நடந்து முடித்ததும் அறக்கட்டளைத் தலைவி மேடையில் வாஹித்துக்கு நடைவேந்தனைப் பரிசுக்கோப்பைபோலக் கொடுப்பார். அடுத்த வாரமே மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கும் மாட்ட ஆரம்பிப்போம்.

“சார், வாஹித் ஏற்கெனவே விழுந்தானுங்க.”

“பிராக்டீஸ் பத்தல.”

“விழுந்து நல்ல காலும் போச்சுன்னா? ஜனவரியில அவனுக்குக் கல்யாணமுங்க.”

“துளசிமணி, உங்களுக்கு டிசம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?”

இருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பே ‘பயனரின் நடையைத் தானே கற்கும் செயற்கை முழங்கால்’. முந்நூறு பக்கம். சார் கையெழுத்து போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

நவம்பர் 10

இன்னொரு தடவை முயன்றேன். இரண்டு கால் உள்ளவர்களுக்கான கூட்டை எடுத்து மேசைமேல் வைத்து, “சார், கம்பியப் புடிக்காம ஒருக்கா நடந்து பாருங்க. கீழ மெத்தை போடறேன்” என்றேன்.

“எனக்கு முதுகு வலி இருக்குதுங்கறது உங்களுக்குத் தெரியாதா?”

“எட்டடிதானுங்க சார்.”

“டாக்டரு வேண்டாம்னுட்டாரு.”

டாக்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நான்தான் கேட்கவில்லை.

நவம்பர் 14

நாளைக்கு விழா. நான் நன்றாக நடந்தால் எனக்குப் பட்டம், சாருக்கு நிதி, வாஹித்துக்கு நடைவேந்தன். எல்லோருக்கும் நல்லது நடக்கிறமாதிரி ஒரு நாள் அமைவது அபூர்வம் என்று சார் சொன்னார்.

பயமாக இருக்கிறது. ஏழு வருடம் சின்ன விஷயம் இல்லை. அம்மாவின் சங்கிலி இரண்டு தடவை அடகுக் கடைக்குப் போய்வந்திருக்கிறது. வேறு எந்த வழிகாட்டியும் என்னை எட்டாம் வருடத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அரங்கு நிறையக் கூட்டம். பி.இ. முதலாண்டுப் பிள்ளைகளை வருகைப் பதிவு உண்டு என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, அவள் பக்கத்தில் வாஹித், ஊன்றுகோலோடு, புதுச் சட்டை. தலைவி அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். பேச்சைவிடக் கவனிப்பதில் ஆர்வம் உள்ளவர்போல் இருந்தது, எங்கள் துறைக்கு அப்படிப்பட்டவர்கள் அதிகம் வருவதில்லை.

சார் என் விபத்தைச் சொன்னார். இன்றைக்கு லாரி முன்னைவிட வேகமாக வந்தது. பிறகு கிராஃபைக் காட்டினார். கைதட்டல். பிறகு மைக்கில், “இப்ப நம்ம துளசிமணி நடந்து காட்டுவாங்க. எதுவுமே பண்ண வேண்டாம், இயல்பா நடந்தாப் போதும். மத்ததையெல்லாம் நடைவேந்தன் பாத்துக்கும்!” என்றார்.

எழுந்தேன். நடக்கிற வழியில் மைக் ஒயர் கிடந்தது, குனிந்து ஓரமாகத் தள்ளிவிட்டேன். மேடை ஓரத்துப் பூந்தொட்டியையும் நகர்த்தச் சொன்னேன். கண்ணாடியில் தூசியாக இருந்தது, கழற்றி தீபனிடம் கொடுத்தேன்.

சார் சொன்னபடியே இயல்பாக நடந்தேன். இடுப்பை வெட்டவில்லை. குதிகாலை ஓங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் நாலு பேருக்கு நடுவே போவதுபோல் போனேன். அந்த நடை எனக்கு இன்னும் மறக்கவில்லை என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் அடி போனது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் நடைவேந்தன் பூட்டவில்லை.

விழுந்தேன்.

அரங்கில் எல்லோருமாகச் சத்தம் போட்டார்கள். சார் மைக்கில், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கார்ப்பெட்டு!” என்றார். தலைவி அம்மையார்தான் முதலில் வந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் தரையிலேயே குந்திவிட்டார்.

“என்னம்மா ஆச்சு? அடி பட்டிருச்சா?”

“இல்லீங்கம்மா. என் நடையத்தான் நடந்தேன். இதுக்கு அது தெரியாதுங்க.”

“உன் நடையப் பாத்துத்தான கத்துக்குச்சுன்னு இப்பச் சொன்னாரு?”

“அது எதையும் கத்துக்கலீங்க. நான்தான் அதுக்குத் தகுந்த மாதிரி நொண்டக் கத்துக்கிட்டேன். கோடு இறங்குனது என்னாலங்க.”

அவர் சாரைத் திரும்பிப் பார்த்தார். “இத எத்தன பேருக்கு மாட்டிப் பாத்தீங்க?”

“பல்லாயிரக்கணக்கான அடிகள், மேடம்.”

“அடியக் கேக்கலீங்க. எத்தன பேரு?”

சார் கிராஃபைப் பார்த்தார். கிராஃபில் அது இல்லை.

“ரெண்டு பேருங்க” என்று நான்தான் தரையிலிருந்து சொன்னேன். “இன்னொருத்தரும் விழுந்துட்டாருங்க. முன்வரிசையில உக்காந்திருக்காரு.”

இதற்குப் பிறகு தேசிய கீதத்தைச் சீக்கிரமே போட்டுவிட்டார்கள்.

நவம்பர் 16

மெமோ வந்திருக்கிறது. துறையின் பெயருக்குக் களங்கம். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கீழே சாரின் பி.ஏ. பென்சிலில் ஒரு யோசனையும் எழுதியிருக்கிறார்: ‘கம்பளம் வழுக்கியது என்று எழுதிவிடுங்கள் மேடம், எல்லோருக்கும் நல்லது.’ மேடைத் தரை சிமெண்ட். கம்பளமே போடவில்லை.

நாற்பது பேருக்கு மாட்டுகிற திட்டத்தை நிறுத்திவைத்திருப்பதாக அறக்கட்டளையிலிருந்து ஒற்றை வரி வந்ததாம். முதலில் நாற்பது பேரிடம் சோதித்துவிட்டு வரட்டும் என்றார்களாம். சார் இதை என்னிடம் சொல்லவில்லை, தீபன் சொன்னான். சார் என்னோடு பேசுவதே இல்லை. ஏழு வருடத்தில் அவர் சொன்னதை நான் அப்படியே செய்தது ஒரே ஒரு நாள்தான், அதற்கு இவ்வளவு கோபம்.

கையெழுத்து போட மாட்டார். டிசம்பர் போய்விடும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “இப்ப இடுப்பு எப்பிடி இருக்குது?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கொஞ்சம்தான்.

நவம்பர் 18, திங்கள்

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சார் இயல்பாக நடக்கச் சொன்னார், நடந்தேன் என்று.

மத்தியானம் வாஹித் போன் செய்தான். பழைய காலோடு ஒரு மாடி ஏறிப் பார்த்தானாம். மூச்சு வாங்கியதாம், ஆனால் ஏறிவிட்டானாம். நிக்காஹுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, அன்னைக்கு நீங்க ரொம்ப நல்லா விழுந்தீங்க்கா. கைய ஊனவே இல்ல. தோளச் சுருட்டி, எனக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அச்சு அசலா அதே மாதிரி.”

“வழுக்கிருச்சு வாஹித்.”

“ஆமாங்க்கா. வழுக்கப் போறவங்கதான் முன்னாடியே ஒயர ஒதுக்கி வெச்சுட்டு, கண்ணாடியவும் கழட்டிக் குடுப்பாங்க.”

அவனுக்கு வாய் அதிகம். போனை வைத்துவிட்டேன்.